லூசிண்டா வில்லியம்ஸின் ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ட்ரியும் (அமெரிக்கத் தென்மாநிலக் கிராமப்புறப் பாட்டு மரபு) ராக்கும் கலந்த ஆல்பம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். சொன்னதும் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது எப்போது வந்த ஆல்பம்?

1998 ஜூன் 30 அன்று மெர்குரி ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. 13 பாடல்கள், மொத்தம் ஐம்பது நிமிடங்களுக்குச் சற்று மேல். பாடியவர் அமெரிக்காவின் லூசிண்டா வில்லியம்ஸ். தானே எழுதித் தானே பாடுபவர். இது அவருடைய ஐந்தாவது ஆல்பம். வெளியானபோது அவருக்கு வயது 45.

சரி, இது கண்ட்ரியா, ராக்கா?

கிராமி விருதுக் குழுவுக்கே இந்தக் குழப்பம் இருந்தது. லூசிண்டா வாங்கிய முதல் மூன்று கிராமிகளைப் பாருங்கள். 1994இல் சிறந்த கண்ட்ரி பாடலுக்காக ஒன்று, 1999இல் இந்த ஆல்பத்துக்குச் சமகால நாட்டார் இசைப் பிரிவில் ஒன்று, 2002இல் சிறந்த ராக் பாடகி என்று ஒன்று. ஒரே ஆள், மூன்று வெவ்வேறு பிரிவுகள்.

ஆல்பத்துக்குள்ளும் இதே கதைதான். ‘கிரீன்வில்’ மெதுவாக நகரும் பழைய பாணி கண்ட்ரி. ‘கான்ட் லெட் கோ’ ஸ்லைடு கிட்டார் துள்ளும் ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய பாடல் வடிவம். ‘மெட்டல் ஃபயர்கிராக்கர்’ கிட்டார் ஒலி நிறைந்த இளமையான ராக். ‘ஜாய்’ பாட்டில் ஒரே தாளக்கட்டு திரும்பத் திரும்ப உருண்டுகொண்டே இருக்கும், மேலே மின்கிட்டார்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ‘கான்க்ரீட் அண்ட் பார்ப்ட் வயர்’ பாட்டில் மாண்டலினும் அக்கார்டியனும் சேர்ந்து ஏதோ கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும்.

இருந்தும் 13 பாடல்களும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை போலவே கேட்கின்றன. என் கருத்தில், லூசிண்டா எதையும் உட்கார்ந்து ‘கலக்கவில்லை’. அவர் 1953இல் பிறந்த ஊர் லேக் சார்ல்ஸ், லூசியானாவின் தென்மேற்கு மூலை. டெக்சஸ் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து ஹாங்கிடாங்க் எனப்படும் மதுக்கடைக் கண்ட்ரி வரும். பிரெஞ்சு பேசும் கேஜுன் மக்களின் அக்கார்டியனும் ஃபிடிலும் உள்ளூரிலேயே உண்டு. கறுப்பின மக்களின் சைடிகோ என்ற அக்கார்டியன் நடன இசையும் ப்ளூஸும் அதே தெருவில் கேட்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, பிறகு தென்மாநிலங்களிலேயே ஊர் ஊராக வளர்ந்த ஒருவருக்குக் கண்ட்ரி, ப்ளூஸ், ராக் எல்லாம் ஒரே வானொலிப் பெட்டியிலிருந்து வந்தவைதான். தனித்தனி அலமாரிகளில் பிரித்து வைத்தது இசைத்தட்டுக் கடைக்காரர்களின் வேலை.

90களின் நடுவில் இந்த வகை இசைக்கு ‘ஆல்ட்-கண்ட்ரி’, ‘அமெரிக்கானா’ என்றெல்லாம் பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். ‘நோ டிப்ரஷன்’ என்று இதற்கென்றே ஒரு பத்திரிகை 1995இல் தொடங்கியது. கிராமியில் அமெரிக்கானா ஆல்பத்துக்குத் தனி விருது வர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று இந்த ஆல்பம் வந்திருந்தால் நேராக அந்தப் பிரிவுக்குத்தான் போயிருக்கும்.

45 வயதில் ஐந்தாவது ஆல்பம் என்றால், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

முதல் இரண்டு ஆல்பங்கள் 1979லும் 1980லும் ஃபோக்வேஸ் நிறுவனத்தில் வந்தன, அதிகம் பேர் கவனிக்கவில்லை. 80களில் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தபோது பெரிய நிறுவனங்களின் கதவைத் தட்டினார். ராக் பிரிவுக்காரர்கள் ‘இது கண்ட்ரி மாதிரி இருக்கிறது’ என்று அனுப்பிவிட்டார்கள். கண்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில்காரர்கள் ‘இது ராக் மாதிரி இருக்கிறது’ என்றார்கள். கடைசியில் அவரை எடுத்துக்கொண்டது ரஃப் டிரேட். பங்க் இசைக்குப் பேர்போன பிரிட்டிஷ் நிறுவனம். அவர்கள் 1988இல் வெளியிட்ட, அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பத்தைக் கேட்டால் அந்த இரண்டு கூட்டமும் எதைத் தவறவிட்டார்கள் என்று புரியும். 1992இல் ‘ஸ்வீட் ஓல்ட் வேர்ல்டு’ வந்தது.

இதற்கிடையில் மற்றவர்கள் அவர் பாடல்களைப் பாடிப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ‘பேஷனேட் கிஸ்ஸஸ்’ பாடலை மேரி சாப்பின் கார்பென்டர் பாடி வெற்றிபெற வைத்தார். மேலே சொன்ன 1994 கிராமி அதை எழுதியதற்காக வந்ததுதான். டாம் பெட்டி, எம்மிலூ ஹாரிஸ் இருவரும் அவர் பாடல்களை எடுத்துப் பாடியிருக்கிறார்கள். எழுதுபவர் யார் என்று இசைக்காரர்களுக்குத் தெரியும், பொதுமக்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்த நிலையை மாற்றியது இந்த ஆல்பம்.

இதை மூன்று தடவை பதிவு செய்தார்களாமே, உண்மையா?

கிட்டத்தட்ட உண்மை. இந்த ஆல்பத்தைச் சுற்றி அதிகம் பேசப்படும் விஷயமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கட்டம் 1995இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் நடந்தது. தயாரிப்பாளர் கர்ஃப் மார்லிக்ஸ். லூசிண்டாவோடு பத்து வருடத்துக்கும் மேல் கிட்டார் வாசித்தவர், முந்தைய இரண்டு ஆல்பங்களின் ஒலியை உருவாக்கியதில் பெரும் பங்கு அவருக்கு உண்டு. பெரும்பகுதி முடிந்தும்விட்டது. ஆனால் லூசிண்டாவுக்குத் திருப்தி இல்லை.

அந்தச் சமயத்தில் பாடகர் ஸ்டீவ் எர்ல் தன்னுடைய ‘ஐ ஃபீல் ஆல்ரைட்’ ஆல்பத்துக்காக ஒரு பாட்டில் தன்னோடு பாட அவரை அழைத்திருந்தார். அங்கே ஒலித்த தன் குரலைக் கேட்டதும், தனக்கும் இப்படித்தான் வேண்டும் என்று லூசிண்டா முடிவு செய்துவிட்டார். அது எர்லும் ஒலிப்பதிவாளர் ரே கென்னடியும் சேர்ந்து, நாஷ்வில்லில் பழைய காலத்துக் கருவிகளை வைத்துப் பிடித்த ஒலி. குரல் பளபளக்காது. ஆனால் பாடுபவர் எதிரில் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கும். ஆக, அந்த இருவரோடு நாஷ்வில்லில் மறுபடி முதலிலிருந்து. மார்லிக்ஸோடு இருந்த நீண்ட கூட்டு இதில் முறிந்தது.

எர்லுக்கும் லூசிண்டாவுக்கும் ஸ்டுடியோவில் ஒத்துப்போகவில்லை, எர்லுக்கு வேறு வேலைகளும் இருந்தன. மிச்ச வேலைக்கு லாஸ் ஏஞ்சலஸ் போனார் லூசிண்டா. அங்கே ராய் பிட்டன் சேர்ந்துகொண்டார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் பேண்டில் பியானோ வாசிப்பவர். ஆர்கனும் அக்கார்டியனும் மேலதிகக் கிட்டார்களும் சேர்ந்தது அப்போதுதான். இதெல்லாம் போதாது என்று, ஆல்பத்தை வெளியிட வேண்டிய ரிக் ரூபினின் அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ் நிறுவனத்துக்கு விநியோகச் சிக்கல் வந்தது. மெர்குரி வாங்கி வெளியிட்டபோது முந்தைய ஆல்பம் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

1997இல் நியூயார்க் டைம்ஸ் வார இதழ் இந்த இழுபறியைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டது. எதிலும் திருப்தி அடையாத, கஷ்டமான பெண் என்ற பிம்பம் அவர் மேல் ஒட்டிக்கொண்டது அதிலிருந்துதான். எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. ஸ்டுடியோவில் வருடக்கணக்காக ஒலியைச் செதுக்கிய ஆண் கலைஞர்களை மேதை என்று கொண்டாடிய அதே பத்திரிகை உலகம், ஒரு பெண் தன் குரல் எப்படிப் பதிவாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நோய் மாதிரிப் பேசியது.

அந்தப் பிடிவாதத்துக்கு என்ன பலன்? கேட்டால் தெரியுமா?

தெரியும். ‘டிரங்கன் ஏஞ்சல்’ பாடலை ஹெட்போனில் கேளுங்கள். குரல் நடுவில், காதுக்கு மிக அருகில் நிற்கிறது. சொற்களின் கடைசி எழுத்தை அவர் பாதி விழுங்குவதும், மேலே போகும்போது தொண்டை லேசாகக் கீறுவதும் அப்படியே விழுந்திருக்கிறது. எத்தனை பேர் வாசித்தாலும் யாரும் குரலை மறைக்கவில்லை. கிட்டார்கள் இருபுறமும் ஒதுங்கி நின்று, அவர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகின்றன. மூன்று நகரங்களில், மூன்று விதமான தயாரிப்பாளர்களோடு செய்த வேலை என்று சொன்னால்தான் தெரியும். ஒட்டுப்போட்ட தடம் எனக்குக் கேட்கவில்லை.

இன்னொன்று, இது 1998. அந்த வருடம் நாஷ்வில்லில் இருந்து வந்த கண்ட்ரி ஆல்பங்கள் பலவும் வானொலிக்காகத் தேய்த்து மெருகேற்றியவை. அவற்றை இன்று கேட்டால் எந்த வருடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

தலைப்புப் பாடல் எதைப் பற்றியது?

ஒரு குழந்தையின் பார்வையில் ஒரு வீடு. சமையலறையில் காப்பி மணம், வானொலியில் கண்ட்ரி பாடகி லொரெட்டா லின்னின் குரல், பெரியவர்களின் அவசரம். பிறகு எல்லோரும் காரில் ஏறுகிறார்கள். முன் இருக்கையில் ஏதோ தாழ்ந்த குரலில் பேச்சு. பின் இருக்கையில் நான்கைந்து வயதுக் குழந்தை ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஜாக்சனில் யாரையோ பார்க்கப் போகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது, ஏன் கிளம்புகிறார்கள் என்று பாட்டில் எங்கேயும் சொல்லப்படவில்லை. குழந்தைக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் நமக்கும் யாரும் சொல்வதில்லை. சரளைக்கல் சாலையில் சக்கரம் ஏறும் சத்தம் மட்டும் பல்லவியில் திரும்பத் திரும்ப வருகிறது.

லூசிண்டாவின் அப்பா மில்லர் வில்லியம்ஸ் பேராசிரியர், பெயர்பெற்ற கவிஞர். 1997இல் பில் கிளின்டன் இரண்டாம் முறை அதிபராகப் பதவியேற்ற விழாவில் கவிதை வாசித்தவர். கல்லூரி வேலைக்காக அவர் ஊர் மாற்றிக்கொண்டே இருந்தார், குடும்பமும் கூடவே அலைந்தது. ஜார்ஜியா, மிசிசிப்பி, லூசியானா, சிலி, மெக்சிகோ, கடைசியில் ஆர்கன்சா. நாஷ்வில்லின் புளூபேர்ட் கஃபேயில் இந்தப் பாட்டை மகள் பாடக் கேட்ட அப்பா, முடிந்ததும் அவரிடம் வந்து மன்னிப்புக் கேட்டாராம். பின் இருக்கையில் இருப்பது தான்தான் என்பது அப்பா சொன்ன பிறகே தனக்கு உறைத்தது என்று லூசிண்டா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் எழுத்தாளர்கள் வருவதும் போவதும் வழக்கம். பாடல்களில் வீண் சொல் ஒன்றுகூட இல்லாததற்கு அந்த வளர்ப்பு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஏன் இத்தனை ஊர்ப் பெயர்கள் வருகின்றன?

லேக் சார்ல்ஸ், கிரீன்வில், ஜாக்சன் என்று பாடல் தலைப்புகளிலேயே மூன்று ஊர்கள். உள்ளே போனால் மேக்கன், ரோஸ்டேல், நகடோசஸ், ஸ்லைடெல், வெஸ்ட் மெம்ஃபிஸ் என்று நீள்கிறது. அழகுக்காகச் சேர்த்தவை அல்ல, ஒவ்வொன்றும் பாட்டில் ஒரு வேலை செய்கிறது.

கடைசிப் பாடல் ‘ஜாக்சன்’ நல்ல உதாரணம். காதலனை விட்டுக் கிளம்பிய ஒரு பெண் காரில் போகிறாள். லாஃபயட் போய்ச் சேர்ந்தால் மனசு சரியாகிவிடும் என்கிறாள். அப்புறம் பேட்டன் ரூஜ் போனால் அழ மாட்டேன் என்கிறாள். அப்புறம் விக்ஸ்பர்க். வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் இது உண்மையான வழித்தடம். லூசியானாவில் கிழக்கே போய், மிசிசிப்பி ஆற்றை ஒட்டி வடக்கே ஏறி, ஜாக்சனை அடைவது. ஒவ்வொரு ஊரிலும் மறந்துவிடுவேன் என்று சொல்வதற்காகவே அவள் மறுபடி அவனை நினைக்கிறாள். ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டால் பாட்டில் மிஞ்சுவது நான்கு சாதாரண வாக்கியங்கள்தான். பெயர்கள் இருப்பதால் ஐந்தாறு மணிநேரப் பயணம் முழுக்க அவள் அவனை மறக்கவே இல்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

‘லேக் சார்ல்ஸ்’ பாட்டில் வரும் மனிதர் அந்த ஊரில் பிறந்தவரே இல்லை, டெக்சஸின் நகடோசஸில் பிறந்தவர். ஆனாலும் தன் ஊர் லேக் சார்ல்ஸ் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். லூசிண்டாவின் முன்னாள் காதலர், இளம் வயதிலேயே இறந்துபோனவர். சாகும் நேரத்தில் யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்று அந்தப் பாட்டு கேட்கிறது. எதையும் உரக்கச் சொல்லாமல் கேட்கிறது.

‘டிரங்கன் ஏஞ்சல்’ யார்?

பிளேஸ் ஃபோலி. டெக்சஸின் பாடலாசிரியர், வீடு வாசல் இல்லாமல் நண்பர்கள் வீட்டு சோஃபாக்களில் வாழ்ந்தவர், கிழிந்த காலணியை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு திரிந்தவர். 1989 பிப்ரவரியில் ஆஸ்டினில் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 39. லூசிண்டா அவரைப் புகழ மட்டும் செய்யவில்லை. ஏன் இப்படி உன்னையே வீணாக்கிக்கொண்டாய் என்ற கோபமும் அதே வரிகளில் இருக்கிறது. செத்துப்போன கலைஞர்களைப் பற்றிய பாடல்களில் இந்தக் கோபம் அபூர்வம்.

எல்லாப் பாடல்களும் அவரே எழுதியவையா?

‘கான்ட் லெட் கோ’ மட்டும் ராண்டி வீக்ஸ் எழுதியது. பின்னாளில் ராபர்ட் பிளான்ட், அலிசன் கிராஸ் ஜோடியும் 2021 ஆல்பத்தில் அதைப் பாடினார்கள். ‘ஸ்டில் ஐ லாங் ஃபார் யுவர் கிஸ்’ டுவேன் ஜார்விஸோடு சேர்ந்து எழுதியது. ‘ஐ லாஸ்ட் இட்’ 1980 ஆல்பத்தில் ஏற்கெனவே வந்த பாட்டு, இங்கே புதிதாகப் பாடியிருக்கிறார். மற்றவை அவருடையவை.

முதல் பாட்டு ‘ரைட் இன் டைம்’ பற்றி ஏன் அவ்வளவு பேச்சு?

தனியாக வீட்டில் இருக்கும் ஒரு பெண் காதலனை நினைக்கிறாள். கைக்கடிகாரம், தோடு, வளையல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள், படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள். பெண்ணின் காமத்தைப் பெண்ணே, 45 வயதில், வெட்கமும் சவாலும் இல்லாமல் சொல்வது அன்றைய கண்ட்ரி உலகில் அரிது. அவ்வையும் ஆண்டாளும் படித்த நமக்கு இது அவ்வளவு அதிர்ச்சியாக இருக்காது. ஆனால் அந்த நகைகளைக் கழற்றும் வரியில் அவர் குரல் மெதுவாவதைக் கவனியுங்கள்.

யார் யார் கூட இருக்கிறார்கள்?

‘கிரீன்வில்’ பாட்டில் துணைக்குரல் எம்மிலூ ஹாரிஸ். ஸ்டீவ் எர்ல், ஜிம் லாடர்டேல் குரல்கள் வேறு பாடல்களில் உண்டு. கிட்டாரில் மார்லிக்ஸ், பட்டி மில்லர், சார்லி செக்ஸ்டன், கிரெக் லைஸ். அடித்தளம் டோனல்ட் லிண்ட்லியின் டிரம்ஸும் ஜான் சியாம்பாட்டியின் பேஸ் கிட்டாரும்.

நன்றாக விற்றதா?

அமெரிக்காவில் தங்கத் தட்டு வாங்கியது, அதாவது ஐந்து லட்சம் பிரதிகள். அவருக்கு அது முதல் தடவை. வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை ஆண்டுதோறும் நடத்திவந்த விமர்சகர் வாக்கெடுப்பில் 1998இன் சிறந்த ஆல்பமாக வந்தது. ரோலிங் ஸ்டோனின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 2020இல் 98ஆவது இடம்.

தென்மாநில உச்சரிப்பு புரியவில்லை. என்ன செய்வது?

முதல் தடவை வரிகளைத் தேடாமல் கேட்டுவிடுங்கள். இரண்டாவது தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆங்கிலம் மிக எளிமையானது, அகராதி தேவைப்படாது. புரியாமல் போவது பெரும்பாலும் ஊர்ப் பெயர்களும் ஆட்களின் பெயர்களும்தான். ராபர்ட் ஜான்சன், ஹவுலின் வுல்ஃப் போன்ற ப்ளூஸ்காரர்களும் அங்கங்கே வந்து போவார்கள். ‘2 கூல் 2 பி 4-காட்டன்’ மட்டும் கொஞ்சம் சிரமம். மிசிசிப்பியின் மதுக்கூடங்களைப் பர்னி ஐம்ஸ் எடுத்த புகைப்படங்களில் இருந்து பிறந்த பாட்டு அது. சுவர்க் கிறுக்கல்களும் எச்சரிக்கைப் பலகைகளும் கலந்து வரும், கோர்வையாகக் கதை தேடாதீர்கள்.

எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

ராக் கேட்டு வளர்ந்தவர் என்றால் ‘ஜாய்’. மெல்லிசை பிடிக்கும் என்றால் ‘லேக் சார்ல்ஸ்’. இரண்டும் பிடித்துவிட்டால் முதல் பாட்டுக்குப் போய் வரிசை மாற்றாமல் கடைசி வரை கேளுங்கள். ‘ஜாய்’ 12ஆவது பாட்டு, அந்த ஆவேசம் அடங்கிய உடனே ‘ஜாக்சன்’ வருவது யோசித்து வைத்தது. ஷஃபிள் போட்டால் அது போய்விடும்.

எந்தப் பதிப்பை வாங்கலாம்?

மூலப் பதிப்பே போதும். 2006இல் இரண்டு வட்டுகளாக ஒரு பதிப்பு வந்தது. இரண்டாவது வட்டு 1998இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த கச்சேரி. ஸ்டுடியோவில் அவ்வளவு கவனமாக வைத்த பாடல்களை மேடையில் எவ்வளவு தளர்வாகப் பாடுகிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

அடுத்து என்ன கேட்கலாம்? இப்போதும் பாடுகிறாரா?

பின்னோக்கிப் போனால் 1988 ஆல்பம். முன்னோக்கிப் போனால் 2001இன் ‘எசன்ஸ்’, 2003இன் ‘வேர்ல்டு விதவுட் டியர்ஸ்’. முதலாவது அடங்கிய குரல், இரண்டாவது இன்னும் முரட்டுத்தனமான ராக். 2014இல் வந்த இரட்டை ஆல்பத்தின் தலைப்பு அப்பாவின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்தது, அந்தக் கவிதைக்கு இசையமைத்தும் பாடியிருக்கிறார். மில்லர் வில்லியம்ஸ் 2015 ஜனவரியில் காலமானார்.

2020 நவம்பரில் லூசிண்டாவுக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு மேடையில் கிட்டார் வாசிக்க முடியவில்லை, பாடுவதை நிறுத்தவும் இல்லை. 2023இல் தன்வரலாற்று நூலும் புதிய ஆல்பமும் அடுத்தடுத்து வந்தன.